ஒரே உதை, நான்கு களம்: டேக்வாண்டோ பழகப் போகிறவர்களுக்கு

வலது காலைப் பின்னால் வைத்து நில்லுங்கள். அந்தக் காலின் முழங்காலை நன்றாக மடக்கி, இடுப்பு உயரத்துக்கு முன்னால் தூக்குங்கள். இப்போது ஊன்றி நிற்கும் இடது காலைக் கவனியுங்கள். அதன் முன்பாதத்தில் எடையை வைத்துக்கொண்டு, குதிகால் எதிராளியைப் பார்க்கும்படி பாதத்தைத் திருப்புங்கள். பாதம் திரும்பினால் இடுப்பும் கூடவே திரும்பும். தூக்கிய கால் பக்கவாட்டில் படுத்தாற்போல் வந்து நிற்கும். அங்கிருந்து முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியைச் சாட்டை போல வீசுங்கள். பட்டதும் வீசிய வேகத்திலேயே மடக்கி, காலைக் கீழே வையுங்கள்.

கொரிய மொழியில் இதன் பெயர் தோல்யோ சாகி. தோல்யோ என்றால் சுழற்றி, சாகி என்றால் உதை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தூக்கும் காலையே பார்ப்பார்கள். தவறு நடப்பதோ நிற்கும் காலில். குதிகால் திரும்பாமல் இடுப்பை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்கால் மூட்டில் போய் விழும். நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் உதைத்தேன். முழங்காலின் உட்பக்கம் வலிக்க ஆரம்பித்த பிறகுதான், மாஸ்டர் தினமும் "குதிகால், குதிகால்" என்று ஏன் சொல்கிறார் என்பது மண்டையில் ஏறியது.

இந்த ஒரு உதையை வைத்தே டேக்வாண்டோ முழுவதையும் விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். இதே உதை நான்கு இடங்களில் உங்களிடம் கேட்கப்படும். தனியாக நின்று வரிசையாகச் செய்துகாட்டும் பூம்சேயில், எதிராளியோடு மோதும் கியோருகியில், பலகை உடைக்கும் கியோக்பாவில், தற்காப்புக்கான ஹோஷின்சுலில். பெயர் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு இடமும் அதனிடம் கேட்பது வேறு. "ஒலிம்பிக்கில் ஆடுவதுபோல் தெருவில் அடிக்க முடியுமா?", "பலகை உடைப்பவருக்குச் சண்டை வருமா?" என்று வரும் கேள்விகளெல்லாம் இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

முதலில் பிறந்த கதை. கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்களில் சிலர் அங்கே கராத்தே பழகினார்கள். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் சியோலில் 'க்வான்' எனப்படும் பயிற்சிக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. லீ வோன்குக் 1944இல் தொடங்கிய சுங் தோ க்வான் அவற்றில் முன்னோடி. ஒவ்வொரு கூடமும் தன் கலையை ஒவ்வொரு பெயரில் அழைத்துவந்தது. ராணுவத்தில் ஜெனரலாக இருந்த சோய் ஹோங்ஹி 1955 ஏப்ரல் 11 அன்று ஒரு பொதுப்பெயரை முன்வைத்தார். 'தே' என்றால் காலால் தாக்குவது, 'க்வோன்' என்றால் மடக்கிய கைமுஷ்டி, 'தோ' என்றால் வழி. நாம் டேக்வாண்டோ என்கிறோம்.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கலை என்று பல வகுப்புகளின் சுவரில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். கோகுர்யோ என்ற பழைய கொரிய அரசின் காலத்துக் கல்லறை ஓவியங்களைச் சான்றாகக் காட்டுவார்கள். உதைத்து ஆடும் ஆட்டங்கள் கொரியாவில் பழங்காலம் முதல் இருந்தன என்பது உண்மை. ஆனால் இன்று நாம் வகுப்பில் பழகும் வடிவம் 1950, 60களில் உருவானது. கராத்தேயின் அடித்தளத்தில் நின்று, கைக்கு இருந்த முக்கியத்துவத்தைக் காலுக்கு மாற்றி, உயரத்துக்கும் சுழற்சிக்கும் புதிய இலக்கணம் எழுதினார்கள். இதைச் சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. இருபது ஆண்டுக்குள் ஒரு தலைமுறை தன் கால்களை இப்படி மாற்றிக்கொண்டது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பழமை வேண்டுமென்றால் தெக்யோன் இருக்கிறது. பார்ப்பதற்கு நடனம் போலிருக்கும். முக்கோணமாகக் கால் மாற்றி, தோள் குலுங்க அசைந்துகொண்டே இருப்பார்கள். திடீரென்று ஒரு கால் எதிராளியின் கணுக்காலைத் தட்டிவிடும், அல்லது தலைக்கு மேலே போகும். ஜப்பானிய ஆட்சியில் கிட்டத்தட்ட அழிந்துபோன இந்தக் கலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் சோங் தோக்கி என்ற முதியவர். 2011இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

டேக்வாண்டோவுக்குள்ளேயே இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. சோய் ஹோங்ஹி 1966இல் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பை நிறுவினார். பிறகு தென்கொரிய அரசோடு பிணக்காகி, 1972இல் கனடாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டு சியோலின் கங்னம் பகுதியில் குக்கிவோன் என்ற தலைமைப் பயிற்சி மையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, இன்று உலக டேக்வாண்டோ என்று அழைக்கப்படும் அமைப்பு உருவானது. ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது இந்த இரண்டாம் குடும்பத்தின் ஆட்டம். இரண்டுக்கும் வரிசைப் பயிற்சிகள் வேறு, போட்டி விதிகள் வேறு. ஆகவே வகுப்பில் சேரும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் ஊர் மாறி இன்னொரு வகுப்புக்குப் போகும்போது, கற்ற வரிசையையெல்லாம் முதலிலிருந்து கற்க வேண்டி வந்தால் பிள்ளைகள் மனம் விட்டுப்போகிறார்கள்.

இனி நம் உதைக்கு வருவோம். முதல் களம் பூம்சே.

கராத்தேயில் கட்டா பார்த்தவர்களுக்கும், சிலம்பத்தில் காலடி வரிசை பழகியவர்களுக்கும் இது உடனே பிடிபடும். எதிரில் யாரும் இல்லை. இருப்பதாக வைத்துக்கொண்டு தடுப்பு, குத்து, உதை என்று வகுத்த ஒழுங்கில் செய்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து முடிக்க வேண்டும். வண்ணப் பெல்ட் காலத்தில் எட்டு வரிசைகள். தேகுக் ஒன்று முதல் எட்டு வரை. ஒவ்வொன்றும் 'மாற்றங்களின் நூல்' (ஈ சிங்) என்ற சீனப் பழநூலின் ஒரு குறியோடு இணைந்தது: வானம், ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை, நிலம். இவற்றில் வானம், நிலம், நீர், நெருப்பு ஆகிய நான்கின் குறிகள்தான் தென்கொரியக் கொடியின் நான்கு மூலைகளில் இருப்பவை. நம் தோல்யோ சாகி ஆறாவது வரிசையில், நீரில் வருகிறது.

பூம்சே அந்த உதையிடம் கேட்பது துல்லியம். போட்டியில் பத்து மதிப்பெண்ணில் நான்கு துல்லியத்துக்கு, ஆறு வெளிப்படுத்தும் விதத்துக்கு. சிறு பிழைக்கு 0.1 குறையும், பெரிய பிழைக்கு 0.3. பாதம் சற்றே தவறி வைக்கப்பட்டாலும் நடுவர் குறித்துக்கொள்வார். நிறையப் பிள்ளைகளுக்கு இது சலிப்பூட்டும். உண்மையில் உடம்பு தன்னைத்தானே பார்க்கக் கற்றுக்கொள்வது இங்கேதான். உதைத்த பிறகு காலை மடக்கி, விழாமல், குறித்த இடத்தில் வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த உதை இன்னும் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை.

இரண்டாவது களம் கியோருகி, அதாவது மோதல் ஆட்டம். இதற்குள் நுழைந்ததும் அதே உதை வேறு முகம் காட்டுகிறது.

எட்டு முனை மேடை. ஒருவர் நீலம், ஒருவர் சிவப்பு. கொரிய மொழியில் சோங், ஹோங். நடுவர் "சார்யோத்" என்றால் நேராக நிற்க வேண்டும், "கியோங்னே" என்றால் தலைவணங்க வேண்டும், "ஜுன்பி" என்றால் தயாராக வேண்டும், "ஷிஜாக்" என்றதும் ஆட்டம் தொடங்கும். "கால்யோ" என்றால் விலகு. எந்த நாட்டில் ஆடினாலும் இந்தச் சொற்கள் மாறுவதில்லை. மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம், நடுவே ஒரு நிமிட ஓய்வு.

புள்ளிக் கணக்கைப் புரிந்துகொண்டால் ஆட்டமே புரிந்துவிடும். உடல் கவசத்தில் குத்து விழுந்தால் 1 புள்ளி. உடலில் உதைக்கு 2, தலையில் உதைக்கு 3. முதுகு காட்டிச் சுழன்று உதைத்தால் உடலுக்கு 4, தலைக்கு 5. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, முகத்தில் குத்தக் கூடாது. விழுந்தாலும் கோட்டைத் தாண்டினாலும் கம்ஜம் என்ற தண்டனை, அதாவது எதிராளிக்கு ஒரு புள்ளி.

விதிகள் எப்படி உடம்பைச் செதுக்குகின்றன என்று பாருங்கள். முகத்தில் குத்து வராது என்பதால் வீரர்களின் கை கீழே தொங்குகிறது. குத்துச்சண்டை பார்த்துப் பழகியவர்களுக்கு இது விபரீதமாகத் தெரியும். காலுக்குத்தான் புள்ளி என்பதால் முன்னங்காலை மடக்கித் தூக்கி வைத்து, வாள்போல் நீட்டி எதிராளியைத் தள்ளியே நிறுத்துகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து மின்னணுக் கவசம் வந்தது. பாதத்தில் மாட்டும் உறையும் கவசத்துக்குள் உள்ள உணரியும் சேர்ந்து உதையின் வலுவைப் பதிவுசெய்கின்றன. அந்த உறையில் பதிவாக வேண்டும் என்பதால், உதை பெரும்பாலும் புறங்காலால் விழுகிறது. பழைய ரசிகர்கள் சிலர் இதை ஆட்டத்தின் வீழ்ச்சி என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நடுவரின் கண்ணை மட்டும் நம்பிய காலத்தில் நடந்த சச்சரவுகளோடு ஒப்பிட்டால், இது நல்ல மாற்றம்தான்.

இந்த ஆட்டத்தின் அழகு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் 2016 ரியோ ஒலிம்பிக்கின் 80 கிலோ இறுதி ஆட்டத்தைச் சொல்வேன். ஐவரி கோஸ்டின் ஷேக் சல்லா சிஸ்ஸே, பிரிட்டனின் லுட்டாலோ முகமதிடம் பின்தங்கியிருந்தார். ஆட்டம் முடிய ஒரு நொடி. அந்த நொடியில் சுழன்று தலைக்கு ஓர் உதை. 8–6. ஐவரி கோஸ்டுக்கு வரலாற்றில் முதல் ஒலிம்பிக் தங்கம். அதே ரியோவில் அகமது அபுகௌஷ் ஜோர்டானுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு 2008 பெய்ஜிங்கில் ரொஹுல்லா நிக்பாய் வென்ற வெண்கலம் ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். நீச்சல் குளமோ குதிரை லாயமோ கட்ட வசதியில்லாத நாடுகளுக்கு, ஒரு பாயும் ஒரு மாஸ்டரும் போதும் என்ற ஆட்டம் இது. 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னியில் முழுப் பதக்க விளையாட்டானது. டோக்கியோவில் மாற்றுத்திறனாளர்களின் பாராலிம்பிக்கிலும் இடம்பிடித்தது. அங்கே தலைக்கு உதைக்கக் கூடாது, உடல் கவசம் மட்டுமே இலக்கு.

மூன்றாவது களம் கியோக்பா. ஊர்த் திருவிழாவோ பள்ளி ஆண்டு விழாவோ, டேக்வாண்டோ செய்துகாட்டுகிறார்கள் என்றால் கூட்டம் காத்திருப்பது பலகை உடையும் சத்தத்துக்காகத்தான்.

இதில் மாயமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. மரத்துக்கு ரேகை உண்டு. ரேகையின் போக்கிலேயே பிளக்கும்படி பலகையைப் பிடிக்க வேண்டும். திருப்பிப் பிடித்துவிட்டால் எவ்வளவு பெரிய ஆளுக்கும் உடையாது, காலுக்குத்தான் அடி. பெரும்பாலும் பைன் மரப் பலகை, சிறு பிள்ளைகளுக்கு மறுபடி பொருத்திக்கொள்ளும் பிளாஸ்டிக் பலகை. உடைப்பவரைவிடப் பிடிப்பவரின் வேலை முக்கியம் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இருவர் தோளோடு தோள் ஒட்டி நின்று, கையை நீட்டிப் பூட்டி, ஒரு காலைப் பின்னால் ஊன்றிப் பிடிக்க வேண்டும். உதை வரும் நேரத்தில் பயந்து கையை இழுத்தால், பலகையும் பின்னால் போய் வேகத்தை விழுங்கிவிடும். பலகை உடையாது, உதைத்தவரின் கால் வீங்கும்.

என் முதல் பலகை உடையவில்லை. மூன்று முறை உதைத்தேன். பலகையை எட்டியதும் என் கால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. வலிக்கும் என்று உடம்புக்குத் தெரியும், அதனால் அது பிரேக் போடுகிறது. மாஸ்டர் பலகைக்கு ஒரு சாண் பின்னால் தன் உள்ளங்கையைக் காட்டி, "இதை உதை, நடுவில் இருப்பதை மறந்துவிடு" என்றார். நான்காவது முறை உடைந்தது. இங்கே நம் தோல்யோ சாகியைப் புறங்காலால் அல்ல, விரல்களை மேலே மடக்கி முன்பாதத்து மேட்டால் அடிப்பது பாதுகாப்பு. புறங்காலில் சிறு எலும்புகள் நிறைய இருக்கின்றன, அவை பலகையின் விளிம்பில் படக் கூடாது. ஒரே உதைதான், மேடையில் ஒரு பாகம் படுகிறது, பலகையில் இன்னொரு பாகம்.

பெரிய செய்துகாட்டும் குழுக்கள் இதைக் கலையாகவே வளர்த்துவிட்டன. சகாக்களின் தோளில் ஏறிப் பாய்ந்து, காற்றில் ஒன்றரை, இரண்டு சுற்றுச் சுழன்று, இறங்குவதற்குள் நான்கைந்து பலகைகளை உடைக்கிறார்கள். அந்தப் பலகைகள் மெல்லியவை. அங்கே சோதிக்கப்படுவது வலு அல்ல, நேரமும் உயரமும் குறியும். 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் முன், தென்கொரியக் குழுவும் வடகொரியக் குழுவும் ஒரே மேடையில் செய்துகாட்டின. ஏப்ரலில் தெற்கிலிருந்து போன குழு பியோங்யாங்கில் ஆடியது. பேச்சுவார்த்தை முடங்கிக் கிடந்த இரண்டு நாடுகள், பிரிந்துபோன இரண்டு டேக்வாண்டோ குடும்பங்கள். பலகையை ஒருவர் பிடிக்க இன்னொருவர் உடைக்கும் கலைக்கு அது பொருத்தமான வேலைதான்.

நான்காவது, பலர் கேட்டு வரும் களம்: தற்காப்பு. ஹோஷின்சுல் என்பார்கள்.

இங்கேதான் மறைக்காமல் பேச வேண்டும். மேடையில் புள்ளி தரும் பழக்கங்களில் சில தெருவில் ஆபத்து. கையைத் தொங்கவிடும் பழக்கம் முதலில் ஆபத்து, ஏனென்றால் தெருவில் வருகிறவன் முகத்தில்தான் குத்துவான். தலை உயரத்துக்கு உதைப்பது அடுத்தது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, செருப்போடு, ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நிற்பது எவருக்கும் நல்லதல்ல. மேடையில் தடை செய்யப்பட்ட இடம் எதுவோ அதுதான் இங்கே இலக்கு. முழங்கால், கணைக்காலின் முன் எலும்பு. நம் தோல்யோ சாகி தொடையின் பக்கவாட்டில் தாழ்வாக விழ வேண்டும், அல்லது அதைவிட எளிதாக நேரே ஓர் ஆப் சாகி, முன்னுதை. உதைத்துவிட்டு நின்று பார்ப்பதற்கல்ல. ஓடுவதற்கு இரண்டு நொடி சம்பாதிப்பதற்கு.

கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? இதற்குக் கொரியாவின் இன்னொரு கலை உதவுகிறது. ஹப்கிடோ. ஜப்பானில் தைதோ ரியூ முறையைப் பழகி, இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தேகு நகரத்துக்குத் திரும்பிய சோய் யோங்சுலிடமிருந்து வளர்ந்தது. மூட்டுப் பூட்டு, தள்ளல், வீழ்த்தல் இதன் சரக்கு. பல டேக்வாண்டோ வகுப்புகள் தற்காப்புப் பாடத்தை இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

ஒன்றை மட்டும் இப்போதே செய்து பார்க்கலாம். வீட்டில் யாரையாவது உங்கள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்த கையைப் பாருங்கள். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வாசல் இருக்கிறது. பின்னால் இழுத்தால் நான்கு விரலோடு மல்லுக்கட்டுகிறீர்கள், வெல்ல முடியாது. இழுக்காதீர்கள். அவரை நோக்கி அரையடி நெருங்கி, முழங்கையை மடக்கியபடி, உங்கள் மணிக்கட்டின் குறுகலான விளிம்பை அந்த வாசல் வழியே திருப்பி எடுங்கள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கட்டைவிரல் ஒன்றுதான் தடுக்கிறது. சின்னப் பிள்ளைகூட பெரியவரின் பிடியிலிருந்து கழன்று வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. கூடவே அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். கிஹாப் என்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் வெட்கப்பட்டு முனகுவார்கள். சத்தமாகக் கத்தப் பழகுவது தற்காப்பில் பாதி, ஏனென்றால் அது நாலு பேரைத் திரும்பிப் பார்க்கவைக்கும்.

இதெல்லாம் வாரம் இரண்டு நாள், ஆறு மாதம் பழகினால்தான் கைக்கு வரும். ஒரே நாள் முகாமில் பெண்களுக்குத் தற்காப்புக் கற்றுத் தருவதாக விளம்பரம் வரும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த நாளின் முடிவில் கிடைப்பது திறமை அல்ல, திறமை இருக்கிறது என்ற நினைப்பு. அது இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து.

வகுப்பு தேடும்போது நான் பார்ப்பவை சில. எந்தக் குடும்பம் என்று சொன்னேன். குக்கிவோன் முறை என்றால் கருப்புப் பெல்ட் சான்றிதழ் குக்கிவோனிலிருந்தே வர வேண்டும். வண்ணப் பெல்ட்டின் படிகளுக்குக் 'கூப்' என்று பெயர், அவை பத்திலிருந்து இறங்கி ஒன்றுக்கு வரும். பிறகு கருப்புப் பெல்ட்டின் படிகளுக்குத் 'தான்' என்று பெயர், அவை ஒன்றிலிருந்து ஏறும். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தானுக்குப் பதில் பூம் என்ற தகுதி, பாதி சிவப்பு பாதி கருப்புப் பெல்ட். முதல் தானிலிருந்து இரண்டுக்குப் போகவே குறைந்தது ஓராண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டாண்டு. ஆகவே மாதம் ஒரு பெல்ட் டெஸ்ட் வைத்துக் கட்டணம் வாங்குகிற இடத்தில் யோசியுங்கள். அதைவிட முக்கியம், வகுப்பு நடக்கும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மோதல் பயிற்சியில் தலைக்கவசமும் பல்காப்பும் போடுகிறார்களா? தலையில் அடிபட்ட பிள்ளையை உட்காரவைக்கிறார்களா, "எழுந்திரு, ஒன்றுமில்லை" என்று திரும்ப அனுப்புகிறார்களா? இந்த ஒன்றிலேயே அந்த மாஸ்டர் யார் என்று தெரிந்துவிடும்.

சேர்ந்த முதல் மாதம் வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. சுவரைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தோல்யோ சாகியை நான்காக உடைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நொடி நில்லுங்கள். முழங்காலைத் தூக்கி நில்லுங்கள். குதிகாலைத் திருப்பி நில்லுங்கள். காலை நீட்டி நில்லுங்கள். மடக்கி நில்லுங்கள். பிறகே கீழே வையுங்கள். உயரம் வேண்டாம், இடுப்பு மட்டம் போதும். வலது காலில் பத்து, இடது காலில் பத்து. இடது கால் தடுமாறும், அதனால் இடதில் இன்னும் ஐந்து.